நான் பேசிய ஐந்து நிமிடம்

திருத்தணி நீதிமன்றத்தில் பதினெட்டு வருடம் வக்கீலாக இருந்தேன். பிறகு ஐந்து வருடம் நாடாளுமன்ற உறுப்பினர். இப்போது மறுபடியும் வக்கீல். யார் வந்தாலும் நடுவில் இருந்த அந்த ஐந்து வருடத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். டெல்லியில் குளிர் எப்படி இருக்கும், பிரதமரைப் பக்கத்தில் பார்த்தீர்களா, கேன்டீனில் சாப்பாடு உண்மையிலேயே மலிவா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அங்கே என்ன பேசினீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவரின் மகன் நான். சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது நைனா தறியை நிறுத்தக்கூட இல்லை. அந்தச் சத்தத்தோடேயே, "பொய் சொல்லி சம்பாதிக்கறதுன்னு முடிவு பண்ட்டியா?" என்று கத்தினார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. பெரிய வக்கீலாகி அவர் சொன்னதைப் பொய்யாக்கிக் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய வக்கீல் ஆகவில்லை. பாகப் பிரிவினை, வாடகை, வரப்புத் தகராறு என்று தாலுக்கா ஊர் வக்கீலுக்கு வரும் வழக்குகள்தான் வந்தன. ஆனால் பொய் சொல்லாத வக்கீல் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் டீச்சரம்மா என் அலுவலகத்துக்கு வந்தார்.

அவர் ஒரு மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். திருத்தணியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் அவர்கள் ஊர். எழுபது எண்பது வீடுகள், நாலைந்து தலைமுறைக்கு முன்னால் கிறிஸ்தவர்களானவர்கள். ஊர் நடுவில் அவர்கள் கோயில் என்று சொல்லும் சர்ச், பின்னால் இரண்டு பாசனக் கிணறு, அதற்கும் பின்னால் ஒரு மேட்டில் கல்லறைத் தோட்டம். ஊருக்குக் கிழக்கே ஆறு வழிச் சாலை வரப்போகிறது என்று முதலில் சொன்னார்கள். ஒரு வருடம் கழித்து இன்னொரு வரைபடம் வந்தது. அதில் சாலை வளைந்து வந்து கிணறுகளையும் கல்லறைத் தோட்டத்தையும் அடித்துக்கொண்டு போனது.

டீச்சரம்மா இரண்டு வரைபடங்களையும் என் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். முதல் கோட்டை நீலப் பென்சிலாலும் இரண்டாவதைச் சிவப்புப் பென்சிலாலும் தடித்து வரைந்திருந்தார்.

"சார், ரோடு வேணாம்னு நாங்க சொல்லல. ஊருக்கு ரோடு வேணும். மொதல்ல போட்ட கோட்டுலயே போட்டுக்கட்டும். அது ஏன் வளைஞ்சுது, அத மட்டும் கேட்டு சொல்லுங்க."

கேட்கவேண்டிய அவசியமே இல்லை. நீலக் கோடு ஒரு பொறியியல் கல்லூரியின் விளையாட்டு மைதானத்தின் வழியாகப் போயிருந்தது. சிவப்புக் கோடு அந்தக் கல்லூரியைச் சுற்றிக்கொண்டு போனது. கல்லூரி யாருடையது என்பது தாலுக்காவில் எல்லோருக்கும் தெரியும். உரிமையாளர் அப்போது ஒரு பெரிய கட்சியின் மாவட்டச் செயலாளர்.

நில எடுப்பு அதிகாரியின் விசாரணைக்கு ஊரே வந்தது. சாலை வளைந்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் என்றார் அதிகாரி. என்ன காரணம் என்று கேட்டேன். தொழில்நுட்பக் காரணம் என்று மறுபடியும் சொன்னார். ஆட்சேபணையைத் தள்ளுபடி செய்தார்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டோம். டீச்சரம்மா முதல் மனுதாரர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடியற்காலை ரயிலில் அவரும் நானும் சென்னைக்குப் போவோம். அரக்கோணத்தில் கூட்டம் ஏறியபிறகு நிற்கவும் இடமிருக்காது. அந்த நெரிசலிலும் மடியில் வழக்குக் கோப்பை வைத்துக்கொண்டு, எந்தத் தாள் எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் கணவரை அந்த மேட்டில் புதைத்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஊரில் வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

தடையுத்தரவு கிடைத்தது. வழக்கு முடியும்வரை அந்த ஊர் எல்லைக்குள் வேலை நடக்கக்கூடாது. செய்தித்தாள்களில் என் படம் வந்தது. ஊரில் கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள், எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள். ஒரு தாலுக்கா வக்கீலுக்கு அதைவிட நல்ல நாள் வராது. எனக்கும் அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது கல்லூரிக்காரர் என் வீட்டுக்கு வந்தார். தனியாக, கார் ஓட்டியைக்கூட வெளியே நிறுத்திவிட்டு. என் மனைவி காபி கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"வக்கீல் சார், கோர்ட்டுல எனக்கு எதிரா நீங்க பேசினதெல்லாம் வரிக்கு வரி படிச்சேன். எனக்குக் கோவமே வரல. இப்படி ஒருத்தர் நம்ம கட்சில இல்லியேன்னு வருத்தம்தான் வந்துச்சு. தலைமைகிட்ட உங்க பேர சொல்லிட்டேன். எம்.பி. சீட்டு."

நான் காலி டம்ளரை வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

"யோசிக்காதீங்க. நெசவாளர் வீட்டுப் பிள்ள, நல்ல பேரு, ஊர்ல நாலு பேருக்கு உதவி பண்ணவரு. செலவெல்லாம் நான் பாத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு, அந்த கேஸ வேற யாருக்காச்சும் மாத்தி குடுத்துடுங்க. கட்சி வேட்பாளரு கவர்மென்டு ரோட்ட எதிர்த்து கேஸ் நடத்திகினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவர் போனபிறகு மனைவி காபி டம்ளரை எடுத்துக்கொண்டே, "அவரு காலேஜ எதிர்த்துதான கேஸ் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"கேஸ் ரோட்ட எதிர்த்து. காலேஜ எதிர்த்து இல்ல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பதினெட்டு வருட அனுபவமுள்ள வக்கீலின் பதில் அது. சட்டப்படி சரியான பதில்.

டீச்சரம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அது எவ்வளவு எளிதாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. சென்னை வக்கீல் ஒருவருக்கு வழக்கை மாற்றும் வக்காலத்தில் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னேன்: "டீச்சரம்மா, கோர்ட்டுல தடைதான் வாங்க முடியும். டெல்லிக்குப் போனா மந்திரிகிட்டயே பேசி ரோட்ட பழைய கோட்டுக்கு மாத்திடலாம்."

அதைச் சொன்னபோது நானும் அதை நம்பினேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம்பினேனா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

"அப்படின்னா கண்டிப்பா போங்க சார்" என்றார் டீச்சரம்மா. அத்தோடு விடவில்லை. சித்திரை வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஊர்களிலெல்லாம் வீடு வீடாகப் போய், "எங்க வக்கீலுக்கு ஓட்டு போடுங்க, நேர்மையானவரு" என்று கேட்டார். அவரிடம் படித்தவர்கள் எல்லா ஊர்களிலும் இருந்தார்கள். டீச்சர் சொன்னால் கேட்கிறவர்கள். அவர்கள் ஊர் வாக்குச்சாவடியில் எதிர்க்கட்சிக்காரருக்கு விழுந்த ஓட்டுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம் என்று என் முகவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

டெல்லியில் கடைசி வரிசையில் இடம் கொடுத்தார்கள். முதல் கூட்டத்தொடர் முழுவதும் வாய் திறக்கவில்லை. திறக்க வாய்ப்பும் இல்லை. ஐநூறு பேருக்கு மேல் உட்காரும் இடத்தில் தாலுக்கா கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்தவனை யாருக்குத் தெரியும்? எழுந்து நிற்கச் சொன்னால் நிற்பது, மேஜையைத் தட்டச் சொன்னால் தட்டுவது, வெளிநடப்பு என்றால் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே வெளியே போவது. கோர்ட்டில் எதிர்த் தரப்பு வக்கீல் பேசும்போது எனக்குக் கை துறுதுறுக்கும். இங்கே யார் பேசினாலும் தூக்கம் வந்தது.

மந்திரியை இரண்டு முறை பார்த்தேன். சாலை விஷயம் சொல்ல வரைபடங்களை எடுத்துப்போனேன். முதல் முறை அவரது அறையில் இருபது பேர் இருந்தார்கள். இரண்டாம் முறை என் மனுவை வாங்கி உதவியாளரிடம் கொடுத்துவிட்டு என் தோளைத் தட்டினார். டீச்சரம்மாவுக்குப் போன் செய்து, மந்திரி பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். மந்திரி ஒன்றுமே சொல்லவில்லை. என்னை நம்பி வழக்குக் கொடுத்த ஒருவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

இரண்டாவது வருடம் சாலைத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் எனக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. முதல் பேச்சு. சென்னைக்குப் போகும் ரயில்களின் நெரிசல், தறிக்காரர்கள் சரக்கு கொண்டுபோகும் உடைந்த சாலைகள் என்று மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். பேச்சுக்கு முந்தின நாள் மாலை கல்லூரிக்காரர் போன் செய்தார்.

"சார், நாளைக்கு பேசறீங்கன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். நம்ம ஆறு வழிச் சாலையப் பத்தி ரெண்டு வரி சேர்த்துக்குங்க. தலைமைலயும் சொல்லிட்டாங்க. தாள் அனுப்பறேன்."

"அது கோர்ட்டுல இருக்குதே."

"கோர்ட்டப் பத்தி நீங்க எதுக்கு பேசறீங்க? சீக்கிரமா முடிங்கன்னு பொதுவா சொல்லுங்க. தொகுதி வளர்ச்சிதான சார்?"

தாள் வந்தது. மறுநாள் எழுந்து பேசினேன். தமிழில்தான் பேசினேன். என் ரயில் விஷயத்தில் பாதி போவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவசரத்தில் என் தாளை விட்டுவிட்டு அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். எங்கள் பகுதி மக்கள் இந்தச் சாலைக்காகக் காத்திருக்கிறார்கள், ஒரு சிலரின் எதிர்ப்பால் வேலை தடைபட்டு நிற்கிறது, அரசு உடனே தலையிட்டு முடிக்கவேண்டும். உட்கார்ந்ததும் பக்கத்துக்காரர் கைகொடுத்தார். மதியம் கேன்டீனில் நானும் மற்றவர்களைப் போல ஆகிவிட்டேன் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எட்டு மாதம் கழித்து உயர் நீதிமன்றத்தில் சாலைத் துறையின் எதிர் மனு தாக்கல் ஆனது. அதோடு நாடாளுமன்றக் குறிப்பின் ஆங்கில நகலை இணைத்திருந்தார்கள். மனுதாரர்களின் முன்னாள் வக்கீலே, இன்று அவர்கள் தேர்ந்தெடுத்த மக்கள் பிரதிநிதியே, இந்த எதிர்ப்பு ஒரு சில சுயநலக்காரர்களுடையது என்று சபையில் சொல்லியிருக்கிறார் என்று வாதம் செய்தார்கள். தடையுத்தரவை விலக்கிவிட்டார்கள்.

டீச்சரம்மா போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்டவனிடம் கேட்பதைப்போலக் கேட்டார்.

"சார், சுயநலக்காரங்கன்னு நீங்க சொன்னீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா சொல்லல. ஒரு சிலர்னுதான் சொன்னேன். மொழிபெயர்க்கறவங்க தப்பா போட்டுட்டாங்க. நான் எழுதிக் குடுத்து மாத்தச் சொல்றேன்."

"ஆங், சரி சார். நான் நம்பறேன்."

அன்று சாயங்காலம் மொழிபெயர்ப்பாளர்களைத் திட்டிக்கொண்டே சபைச் செயலகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி தன் போனை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். நான் பேசிய வீடியோவைத் தேடி எடுத்திருந்தாள்.

"அனுப்பறதுக்கு முன்ன ஒருவாட்டி பாருங்க" என்றாள்.

பார்த்தேன். மணி அடிக்கிறது. நான் தாளைப் புரட்டுகிறேன். "ஒரு சில சுயநலக்காரர்களின் எதிர்ப்பால்" என்று தெளிவாகப் படிக்கிறேன். தாளில் இருந்ததை இருந்தபடியே படித்திருக்கிறேன். என்ன படிக்கிறோம் என்று அந்த நேரத்தில் என் காதில் விழவில்லை. பிறகு ஞாபகத்தில் அந்த ஒரு சொல்லை நானே எடுத்துவிட்டிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு எழுத்துகூடத் தப்பு செய்யவில்லை. படித்து முடித்ததும் வீடியோவில் நான் சிரிக்கிறேன். நேரத்துக்குள் முடித்துவிட்ட சந்தோஷம்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மனைவி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டீச்சரம்மாவுக்குத் திரும்பப் போன் செய்து உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். செய்யவில்லை. அவர் நம்புவதாகச் சொன்னாரே, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்தைத் தோண்டி எடுக்கும் நாளில் நான் டெல்லியில் இல்லை, திருத்தணியில் இருந்தேன். போகாமல் இருந்தால் இன்னும் அசிங்கம் என்று போனேன். காலை ஒன்பது மணி. மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் ஊர் ஜனங்கள், போதகர், புதிய இடத்துக்குக் கொண்டுபோக வரிசையாக மரப்பெட்டிகள். இன்னொரு பக்கம் சாமியானா போட்டுத் தாசில்தாரும் காவல்துறை அதிகாரிகளும். நான் காரிலிருந்து இறங்கி ஊர் ஜனங்கள் பக்கம்தான் நடந்தேன். இன்ஸ்பெக்டர் ஓடிவந்து சல்யூட் அடித்தார்.

"சார், இந்தப் பக்கம் வாங்க சார். வெயிலு. சேர் போட்ருக்கோம்."

ஊர் ஜனங்கள் பார்த்தார்கள். வாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஒரு நிமிடம் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். பிறகு இன்ஸ்பெக்டரோடு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ குளிர்ந்த மோர் கொடுத்தார்கள். அதையும் குடித்தேன்.

டீச்சரம்மாவின் கணவர் புதைக்கப்பட்டிருந்த இடம் பத்தாவதோ பன்னிரண்டாவதோ வந்தது. பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். அவர் வேண்டாம் என்று கையால் சொல்லிவிட்டுத் தானே எடுத்துக்கொண்டார். கனமாக இல்லை போலும். சாமியானாவைத் தாண்டித்தான் வழி. கடந்துபோகும்போது நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்து, எப்போதும் சொல்வதைப்போல, "தோத்திரம் சார்" என்றார். போய்க்கொண்டே இருந்தார். என்னைத் திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், வக்கீல்தானே.

அடுத்த தேர்தலில் எனக்குச் சீட்டு இல்லை. கல்லூரிக்காரரே நின்றார். தகவலைச் சொல்ல அவர் வீட்டுக்கு வரவில்லை. அவருடைய உதவியாளர் போனில் சொன்னார். அப்போதுதான் எனக்குக் கணக்கு முழுதாகப் புரிந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு எம்.பி. தேவைப்படவில்லை. அந்த வழக்கிலிருந்து ஒரு வக்கீல் விலகவேண்டியிருந்தது. அதற்கு அவர் கொடுத்தது ஒரு தொகுதி. என்னை எவ்வளவு உயர்வாக மதித்திருக்கிறார் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. நானே என்னை அவ்வளவு மதித்திருந்தால் அந்தச் சீட்டை வாங்கியிருக்கமாட்டேன்.

அவருக்காக நான் பிரசாரமும் செய்தேன். திறந்த ஜீப்பில் அவருக்குப் பின்னால் நின்று கை கூப்பிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். கட்சியில் ஏதாவது பதவி, வாரியத்தில் ஏதாவது உறுப்பினர் என்று ஒரு ஆசை. டீச்சரம்மா ஊருக்குள் ஜீப் போகவில்லை. அங்கே போகவேண்டாம் என்று கல்லூரிக்காரரே சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே புதிய சாலையில் வேகமாகப் போய்விட்டோம். நல்ல சாலை. குலுங்கவே இல்லை.

பதவி எதுவும் வரவில்லை. மறுபடியும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு திருத்தணி நீதிமன்றத்துக்கு வந்தேன். எனக்குப் பின்னால் வந்த வக்கீல்களிடம் என் பழைய கட்சிக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. எம்.பி. சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதிகமாக யாரும் வழக்கு கொடுப்பதில்லை. எம்.பி.யாக இருந்தவர் அதிகமாகக் கேட்பார் என்று சிலர் நினைக்கிறார்கள். வேறு காரணம் நினைக்கிறவர்களும் இருப்பார்கள்.

போன ஆடி மாதம் ஒரு நாள், கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் தாமதமாக நீதிமன்றத்துக்கு வந்தேன். வராந்தா பெஞ்சில் டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். மிகவும் இளைத்திருந்தார். பக்கத்தில் அதே மாதிரி ஒரு கோப்பு. கிணறுகளுக்கு உரிய இழப்பீடு தரவில்லை என்று ஊர்க்காரர்கள் போட்டிருக்கும் வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கிறது, அதற்கு ஒரு பத்திரத்தின் நகல் வாங்க வந்திருக்கிறேன் என்றார். அவர்களுடைய வக்கீல் ஒரு சின்னப் பெண். கெட்டிக்காரி என்று கேள்விப்பட்டிருந்தேன்.

நான் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"டீச்சரம்மா, அந்த கேசுல நானும் வந்து நிக்கறேன். ஒரு பைசா வேணாம். ரோடு வளைஞ்ச கதை மொத்தமும் எனக்குத்தான தெரியும்?"

 அவர் கோப்பின் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"வேணாம் சார். அந்தத் தரப்பு வக்கீலு இன்னும் உங்க பேச்சத்தான் காட்டிகினு கீறாரு. ஊருல நாலு பேரு சுயநலத்துக்குப் போட்ட கேஸுன்னு. எங்க வக்கீல் பொண்ணு ஒவ்வொரு வாய்தாவும் அதுக்குத்தான் பதில் சொல்லிகினு நிக்குது. நீங்களே வந்து நின்னீங்கன்னா அது யார எதிர்த்து பேசும்?"

"அது... அந்த வார்த்த..." என்று தொடங்கினேன்.

"தெரியும் சார். அப்பவே வீடியோல பாத்துட்டேன். கோயில்ல எல்லாரும் சேந்துதான் பாத்தோம்."

அவர் அதைச் சொன்னபோது முகத்தில் ஒன்றும் இல்லை. நான் நம்பறேன் என்று போனில் சொன்னது பார்ப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. நகல் பிரிவில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து என் வழக்கையும் கூப்பிட்டார்கள். ஒரு கடை வாடகைத் தகராறு. எதிர்த் தரப்பு வரவில்லை. அடுத்த மாதத்துக்கு வாய்தா போட்டார்கள். வெளியே வந்து பார்த்தேன். பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.